மகளிர் முகமயிர்: மஞ்சள் முதல் லேசர் வரை

தோற்றுவாய்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தபோது, சேரநாட்டுத் துறைமுகங்களைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை ஒரு சிறு நிகழ்ச்சி மாற்றிவிட்டது. விழா ஒத்திகை நடந்த ஒரு மாலையில், காலனித் திடலில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர் சிலர் அவ்வழியே சென்ற பெண்ணொருத்தியைப் பட்டப்பெயரிட்டுக் கூவி அழைத்தனர். அவளுடைய மேலுதட்டின்மீது அரும்பியிருந்த மெல்லிய மயிரைச் சுட்டி எழுந்த பெயர் அது. அப்பெயரை ஈண்டு எழுதோம். எந்த வீட்டுப் பெண் என்பதும் வேண்டா. துப்பட்டாவின் முனையால் வாயை மூடிக்கொண்டு அவள் விரைந்து நடந்த காட்சி, ஏறக்குறைய முப்பது ஆண்டுகட்கு முன் எம் இல்லத்தில் யாம் கண்ட மற்றொரு காட்சியை நினைவூட்டிற்று. அன்றிரவே துறைமுகங்களை விடுத்து இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

"இஃது ஒரு வரலாற்றுக் கட்டுரைக்கு உரிய பொருளா?" என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். அரசர் மீசைக்கு வரலாறு எழுதுவார் உளர். மகளிர் முகத்தில் முளைத்த மயிருக்கு எழுதுவார் அரியர். ஆனால் அதனை நீக்கும் பொருட்டு மகளிர் அடைந்த துன்பமோ மிகப் பெரிது. சிலர் கண்ணொளி இழந்தனர். சிலர் உயிரே இழந்தனர். அவ்வரலாற்றை அறிந்தோர் தம் வீட்டுப் பெண்களை வேறு கண்கொண்டு நோக்குவர் என்பது எமது நம்பிக்கை. யாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி ரெயில்வே பார்சல் ஆபீசில் எழுத்தராக அமர்ந்தவர். படித்தும் கேட்டும் தெளிந்தவற்றையே ஈண்டுத் தொகுத்து உரைக்கின்றோம்.

எம் ஊரும் பாட்டியார் வழக்கமும்

யாம் பிறந்த ஊர் ஒற்றசேகரமங்கலம். கேரளத்தின் தென்பகுதியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் மொழிவழி வகுக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆதலின் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக யாம் வளர்ந்தோம். கிழக்கே நோக்கினால் அகத்தியர் மலை. அம்மலையைச் சூழ்ந்த நாட்டில் சித்த மருத்துவமும் வர்ம மருத்துவமும் வழிவழியாக வாழ்ந்து வந்தன. வைத்தியர் இல்லங்களில் தமிழ் ஏடுகள் போற்றப்பெற்றன.

பெண்ணின் உடலைப் பற்றிப் பிறர் தீர்ப்பு வழங்குவது எம் பகுதிக்குப் புதிதன்று. தென்திருவிதாங்கூரில் நாடார் குலத்து மகளிர் தம் மார்பை மேலாடையால் மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகப் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. 1859-ஆம் ஆண்டு அரசர் விளம்பரத்தால்தான் அவ்வுரிமை, அதுவும் நிபந்தனையுடன், கிட்டிற்று. உடுத்துவதற்கே பிறர் இசைவு வேண்டியிருந்த மண்ணில், முகத்து மயிருக்கும் ஊரார் விதி வகுத்தது வியப்பன்று.

எனினும் எம் பாட்டியார் காலத்து வழக்கம் மென்மையானது. செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் எண்ணெய் தேய்த்து நீராடுவர். அம்மியில் அரைத்த மஞ்சளும் பயற்றமாவும் குழைத்து முகத்திற் பூசிச் சிறிது காய்ந்தபின், மயிர் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகத் தேய்த்துக் கழுவுவர். குப்பைமேனி இலையைக் கஸ்தூரி மஞ்சளோடு அரைத்துப் பூசுவாரும் உண்டு. கைக்குழந்தைகளின் நெற்றியிலும் முதுகிலும் உள்ள பூனைமயிரை மாவுருண்டையால் உருட்டி எடுப்பர். பாட்டியாருக்கு இவையெல்லாம் "குளிப்பாட்டு" என்னும் ஒரே சொல்லில் அடங்கும்.

இம்முறை மயிரை வேரோடு அறுத்துவிடும் என்பது மிகைக்கூற்று. காய்ந்த பூச்சு மெல்லிய மயிரைப் பற்றி இழுக்கிறது, மஞ்சளின் நிறம் எஞ்சியதை மறைக்கிறது, அவ்வளவே. மஞ்சளினத்துக் கிழங்கு ஒன்றின் எண்ணெய் உரோம வளர்ச்சியைச் சிறிது தாழ்த்துவதாகத் தாய்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர் என்பதும் உண்மையே. ஆயினும் தடித்துக் கறுத்த மயிருக்கு மஞ்சள் ஈடுகொடாது. மற்றும் ஒன்று: உண்மையான கஸ்தூரி மஞ்சள் உள்ளே வெளிறிய நிறமும் கற்பூர மணமும் உடையது. கடைகளில் பொன்னிறமாக விற்கப்படுவது பெரும்பாலும் மஞ்சள்கூவை என்னும் வேறு கிழங்கின் பொடி. தாய்மார் இதனைக் கருத்தில் கொள்க.

அவ்வழக்கத்தில் யாம் போற்றுவது அதன் மருத்துவ ஆற்றலைக் காட்டிலும் அதன் பண்பையே. எல்லாப் பெண்களும் ஒருங்கே மஞ்சள் பூசினர். மயிர் மிக்கவள் இவள், குறைந்தவள் இவள் என்று எவளும் தனியே நிறுத்தப்படவில்லை.

பழங்கால வழிகள்

முகமயிரை நீக்கும் கலை உலகெங்கும் பழமையானது. நூலை முறுக்கி இருகைகளிலும் வாயிலும் பற்றி, கத்தரிபோல் திறந்து மூடி மயிரைப் பறிக்கும் முறை பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் சீனத்திலும் நெடுங்காலமாக வழங்கியது. சீனத்தில் மணப்பெண்ணின் முகத்தை மணத்திற்கு முன் நூலால் திருத்துவதை "முகம் திறத்தல்" எனவே அழைத்தனர். இன்று நம் காலனி முனையில் உள்ள அழகு நிலையத்தில் புருவம் திருத்தும் நூலும் அதுவே.

நம் நாட்டு மருத்துவத்தில் சுசுருதர் புண்களுக்குச் செய்யத்தகும் அறுபது சிகிச்சைகளைத் தொகுத்துரைக்கும்போது, மயிர் நீக்குதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்துள்ளார். அரிதாரத்தையும் சங்குச் சுண்ணத்தையும் குழைத்துப் பூசும் முறை ஆயுர்வேதத்தில் உண்டு. துருக்கி நாட்டு நீராடு மண்டபங்களில் பயன்பட்ட களிம்பும் அரிதாரமும் சுண்ணாம்பும் கலந்ததே. இஃது எங்ஙனம் வேலை செய்கிறது? ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொட்டிகளைக் கண்டவர்க்கு இது விளங்கும். சுண்ணாம்பும் கந்தகச் சேர்மமும் கூடினால் மயிரின் சத்து கரைந்து கூழாகிவிடும். மயிரும் மேல்தோலும் ஒரே சத்தால் ஆனவை. ஆகவே சிறிது நேரம் மிகுந்தால் மயிரைக் கரைத்தது தோலையும் கரைக்கும். அரிதாரத்தில் உள்ள ஆர்சனிக் நஞ்சு என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

நாணம் விளைந்த வகை

மயிர் இயற்கை, நாணம் மனிதர் செய்தது. மனுநூல் மூன்றாம் அத்தியாயத்தில் மணத்திற்கு ஆகாத பெண்களை எண்ணிக் காட்டுமிடத்தில், உரோமம் அறவே இல்லாதவளையும் மிகுதியாக உடையவளையும் சேர்த்துள்ளது. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையும் பெண்ணின் அங்க இலக்கணங்களைப் பேசுகிறது. சாமுத்திரிகம் என்ற பெயரால் இவை வீட்டுப் பெரியோர் வாய்மொழியாயின. பெண் பார்க்க வந்தோர் மேலுதட்டை உற்று நோக்குவதற்கு இவ்விலக்கணங்களும் ஒரு காரணமாயின.

ஆனால் எல்லா நாட்டாரும் எக்காலத்தும் இங்ஙனம் கருதவில்லை. எகிப்து நாட்டை ஏறத்தாழ 3,500 ஆண்டுகட்கு முன் ஆண்ட அரசி ஹட்செப்சுட், அரசுரிமையின் அடையாளமாகப் பொய்த்தாடி பூண்ட கோலத்தில் சிலைகளிற் காட்சியளிக்கிறார். பாரசீகத்தைக் கஜார் மரபினர் ஆண்ட காலத்தில், அதாவது 1789 முதல் 1925 வரை, வரையப்பட்ட ஓவியங்கள் பலவற்றில் அழகிய மங்கையர்க்கு மேலுதட்டில் மெல்லிய மீசைக் கோடு உண்டு. அங்கு அஃது அழகின் இலக்கணம்! இங்குக் குற்றம், அங்கு அழகு என்றால், அளவுகோல் முகத்தில் இல்லை, பார்ப்போர் கண்ணிலே உள்ளது என்பது தெளிவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டார் இவ்வுடற்கூற்றைக் காட்சிப்பொருளாக்கிக் காசு பார்த்தனர். மெக்சிகோவின் சினலோவாவில் 1834-இல் பிறந்த ஜூலியா பஸ்த்ரானா என்னும் பெண்மணியின் முகமும் உடலும் அடர்ந்த மயிரால் மூடப்பட்டிருந்தன. பாடவும் ஆடவும் வல்ல அவரை ஊர் ஊராகக் கொண்டுசென்று "மனிதரும் விலங்கும் கலந்த பிறவி" என விளம்பரம் செய்தனர். 1860-இல் மகப்பேற்றையடுத்து மாஸ்கோவில் அவர் இறந்தார். அதன்பின்னும் அவர் கணவன் அவ்வுடலைப் பதப்படுத்திக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கட்டணத்திற்குக் காட்டினான். அந்த அன்னையின் உடல் பிறந்த மண்ணுக்குத் திரும்பி நல்லடக்கம் பெற்றது 2013-ஆம் ஆண்டில்தான். இறந்து 153 ஆண்டுகள்!

மின்சாரமும் மாயக் கதிரும்

நாணம் பெருகியபின் அதனைப் போக்குவதாகக் கூறும் வாணிகமும் பெருகும் அன்றோ? முதலில் வந்தது நல்ல வழி. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல் என்பவர், கண்ணுள் வளைந்து குத்தும் இமைமயிரை நீக்குவதற்கு, மயிர்க்காலில் நுண்ணிய ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சும் முறையை 1875-இல் வெளியிட்டார். ஒவ்வொரு மயிராகச் செய்ய வேண்டியிருத்தலின் நேரமும் பொறுமையும் மிக வேண்டும். ஆயினும் தேர்ந்தவர் கையில் அது நிலையான பயன் தந்தது, இன்றும் தருகிறது.

பொறுமையற்ற உலகம் விரைவை நாடிற்று. 1895 நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே, வியன்னா நகரத்து மருத்துவர் லியோபோல்டு பிராய்ண்டு, முதுகில் மயிரடர்ந்த மச்சத்துடன் பிறந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு அக்கதிரைப் பாய்ச்சினார். மயிர் உதிர்ந்தது, உலகம் வியந்தது. பின்னர் அவ்விடத்தில் ஆழ்ந்த புண் உண்டாயிற்று. அதனை உலகம் அத்துணைக் கருத்தூன்றி நோக்கவில்லை.

1920-களில் நியூயார்க் நகரத்து ஆல்பர்ட் கெய்சர் என்னும் மருத்துவர் "டிரைகோ" என்ற எக்ஸ்ரே பொறியை அமைத்தார். அஃது அழகு நிலையங்களில் வைக்கப்பட்டது. மருத்துவம் அறியாதோர் அதனை இயக்கினர். வலியில்லை, தழும்பில்லை, சில நிமிடங்களே போதும் என்ற விளம்பரத்தைக் கண்டு பல்லாயிரம் மகளிர் அப்பெட்டியின் முன் முகத்தை வைத்து அமர்ந்தனர். உழைத்து ஈட்டிய காசைச் சேர்த்துவைத்து வந்த ஏழைப் பெண்கள் அவருள் பலர். 1929-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனைக் கண்டித்தது. ஆனால் தீங்கு அன்றே விளைந்துவிட்டது. தோல் சுருங்கி வெளிறிற்று, பின்னர்ப் புண்ணாயிற்று, பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாயிற்று. மேலுதட்டு மயிருக்கு அஞ்சிச் சென்றவர் கன்னத்தையும் தாடையையும் இழந்தனர்.

அழகுக் களிம்பில் அடங்கிய நஞ்சு

1861-இல் கண்டறியப்பட்ட தாலியம் என்னும் உலோகம் உடலிற் புகுந்தால் மயிர் உதிரும். எலிகளைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு அது. 1930-ஆம் ஆண்டு வாக்கில் "கொரம்லு" என்ற பெயரில் தாலியம் கலந்த முகக்களிம்பு ஒன்று அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. பூசிய பெண்களுக்கு முகமயிர் மட்டுமா உதிர்ந்தது? தலைமயிரும் உதிர்ந்தது, கால்கள் மரத்தன, சிலர்க்குப் பார்வை மங்கிற்று, சிலர் நடக்கவியலாமற் படுத்தனர். வழக்குகள் பெருகி அந்நிறுவனம் 1932-இல் திவாலாயிற்று. ஆனால் அக்காலத்து அமெரிக்கச் சட்டம் உணவையும் மருந்தையுமே காத்தது. அழகுப் பொருளென விற்றால் கேட்பாரில்லை. இத்தகைய கொடுமைகளின் விளைவாகவே 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அழகுப் பொருள்களையும் அரசின் கண்காணிப்பின்கீழ்க் கொணர்ந்தது.

நம் நாட்டிலும் 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் முதலில் மருந்துக்கு மட்டுமே இருந்தது. 1962-இல் செய்த திருத்தமே அழகுப் பொருள்களை அதனுள் சேர்த்தது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-இல் வந்தது. சட்டம் ஏட்டில் இருப்பது ஒன்று, சந்தைக் கடையில் நடப்பது மற்றொன்று என்பதற்கு எம் குடும்பமே சான்று.

எம் இல்லத்து நிகழ்ச்சி

1994-ஆம் ஆண்டு. எம் தமக்கையார்க்குப் பத்தொன்பது வயது. மேலுதட்டிலும் தாடையிலும் மயிர் சற்றுத் தடித்து வளர்ந்திருந்தது. பாட்டியாரின் மஞ்சளுக்கு அது கட்டுப்படவில்லை. அவரைப் பெண் பார்க்க அடுத்த ஞாயிறு வருவதாகச் செய்தி வந்தது. அம்மா எதுவும் பேசவில்லை; அத்தைமார் பேசினர். தமக்கையார் எம்மைத் தனியே அழைத்து, பத்து ரூபாயைக் கையிற் கொடுத்து, அருகிலிருந்த நகரத்திற்குச் சென்று "மயிர் போக்கும் பொடி" வாங்கி வருமாறு வேண்டினார். "யாரிட்டயும் சொல்லாதே, மக்களே" என்றார். யாமும் சைக்கிளிற் சென்று வாங்கி வந்தோம். புட்டியின்மேல் ஒரு பெண்ணின் படம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்பதொன்றும் எழுதப்படவில்லை.

இன்று ரெயில்வே பார்சலில் அபாயகரமான சரக்கு வந்தால், அதற்குரிய எச்சரிக்கைச் சீட்டு இல்லாமல் யாம் ஏற்றுக்கொள்வதில்லை. அந்தப் புட்டியை எந்தச் சீட்டும் இல்லாமல் எம் கையாலேயே வீட்டிற்குக் கொண்டுசேர்த்தோம்.

வெள்ளைப் பொடி; நீர் விட்டுக் குழைத்ததும் அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. எரிந்தபோதும், நன்றாகப் போகட்டும் என்று அவர் கழுவாமல் பொறுத்திருந்தார். காலையில் மேலுதடு முழுதும் தோல் உரிந்து சிவந்து நீர் கோத்திருந்தது. பாட்டியார் ஓடிவந்து தேங்காயெண்ணெய் தடவினார். தடவிக்கொண்டே, "மயிரு போனா வளரும் மக்களே, தோலு போனா என்ன செய்வே?" என்று அழுதார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு வேறு காரணம் சொல்லி அனுப்பினர். புண் ஆறிற்று, கருந்தழும்பு நின்றது. மயிர் மீண்டும் வளர்ந்தது. பின்னர் விளவங்கோட்டுப் பக்கம் நல்ல இடத்தில் மணமாயிற்று. ஆயினும் இன்றும் சிரிக்கும்போது சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்ளும் வழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை.

இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. அந்த வயதிலேயே அவர்க்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. அதனை ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முப்பத்திரண்டாம் வயதில் நீரிழிவு கண்டபின், மருத்துவ அம்மையார் ஒருவரே முகமயிர், மாதவிலக்கு, சர்க்கரை மூன்றையும் ஒன்றாக இணைத்து நோக்கி, சூலக நீர்க்கட்டி நோய் என்று பெயர் சொன்னார். பதின்மூன்று ஆண்டுகள் அவருடைய உதட்டைப் பற்றி எல்லோரும் பேசினோம். அவ்வுதட்டுமயிர் எதைச் சொல்லிற்று என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

மயிர் சொல்லும் செய்தி

மருத்துவ உலகமும் இச்செய்தியைப் படிப்படியாகவே கற்றது. 1921-இல் பிரெஞ்சு மருத்துவர் அஷார், தியேர் இருவரும் தாடி முளைத்த பெண்களிடம் நீரிழிவு காணப்படுவதை எழுதினர். 1935-இல் சிகாகோ நகரத்து ஸ்டெயின், லெவந்தால் இருவரும் மாதவிலக்குத் தடையும் பெருத்த சூலகமும் உடைய ஏழு பெண்களைப் பற்றி வெளியிட்டனர். அந்நோயே இன்று சூலக நீர்க்கட்டி நோய் எனப்படுகிறது. 1961-இல் இங்கிலாந்தில் பெரிமன், கால்வே இருவரும் உடலின் பகுதிதோறும் மயிரின் அளவை எண்ணால் மதிப்பிடும் முறையை வகுத்தனர். 2003-இல் ராட்டர்டாம் நகரிற் கூடிய வல்லுநர் இந்நோயை அறியும் விதிகளை ஒழுங்குபடுத்தினர்.

பெண்ணுடலிலும் ஆண்தன்மைச் சுரப்புநீர் சிறிதளவு உண்டு. அது மிகும்போது, அல்லது மயிர்க்கால்கள் அதற்கு மிகையாக இணங்கும்போது, மெல்லிய பூனைமயிர் தடித்துக் கறுக்கிறது. சூலக நீர்க்கட்டி நோயே இதற்குப் பெரும்பான்மைக் காரணம். பலர்க்கு நோயொன்றும் இராது. தாய்வழி, தந்தைவழி வரும் குடும்பக் கூறாகவே இருக்கும். ஆனால் சில மாதங்களுக்குள் திடீரென மயிர் மிகுந்து, குரலும் கனத்தால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்ல வேண்டும். அரிதாகக் கட்டியொன்று அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். மாதவிலக்குத் தவறுதல், உடல் பருத்தல், கழுத்தின் பின்புறம் தோல் கறுத்துத் தடித்தல் ஆகியவை முகமயிரோடு சேர்ந்து காணப்பட்டால் சர்க்கரையையும் சோதித்துக்கொள்வது நலம். உடல் பருத்தவர் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே மாதவிலக்கு ஒழுங்குபடுவது உண்டு. சுரப்புநீரை அடக்கும் மாத்திரைகளும் உள; அவற்றுள் சில கருவுற்றவர்க்கு ஆகா. ஆதலின் மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளற்க. பயன் தெரிய ஆறு திங்களேனும் ஆகும்.

இன்றைய வழிகள்

"மழித்தால் மயிர் தடித்து வளரும்" என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. செயின்ட் லூயி நகரத்து உடற்கூற்று அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அம்மையார் 1928-இலேயே இதனை ஆராய்ந்து, மழித்தல் மயிரின் நிறத்தையோ பருமனையோ வளர்ச்சியையோ மாற்றுவதில்லை என நிறுவினார். வெட்டுண்ட முனை மொட்டையாக இருப்பதால் சுரசுரப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே. ஆகவே மழிக்கும் பெண் எவளும் பிழை செய்தவள் அல்லள். நூலால் பறித்தலும் தீங்கற்றது. தூய்மை மட்டும் வேண்டும்.

லேசர் ஒளி 1960-இல் பிறந்தது. தோலைச் சுடாமல் கருநிறத்தை மட்டும் குறிவைக்கும் தத்துவத்தை 1983-இல் ஹார்வர்டு மருத்துவர் ஆண்டர்சன், பாரிஷ் இருவரும் விளக்கினர். 1990-களில் அது மயிர் நீக்கத்திற்குப் பயன்படலாயிற்று. அவ்வொளி மயிரின் கருமையை நாடுவது. நம்மனோர் தோலிலும் கருமை உண்டாதலின், மாநிறத்தார்க்கு ஏற்ற நீண்ட அலை லேசரையே பயிற்சி பெற்ற தோல் மருத்துவர் பயன்படுத்த வேண்டும். மலிவு விலை விளம்பரம் கண்டு சென்றால் மயிருக்குப் பதில் தழும்பு கிட்டும். பலமுறை செய்ய வேண்டும். முற்றும் போகும் என்ற உறுதியும் இல்லை.

மருந்துக் களிம்பு ஒன்றின் கதையையும் சொல்லாது விட இயலவில்லை. எஃப்லோர்னிதின் என்னும் மருந்து ஆப்பிரிக்காவின் உறக்க நோயினின்றும் சாவின் விளிம்பிலிருந்தோரை மீட்டது. வாங்குவோர் ஏழைகள், இலாபம் இல்லை. ஆதலின் 1990-களின் நடுவில் அதன் உற்பத்தி நின்றது. 2000-ஆம் ஆண்டில் அதே மருந்து, பெண்களின் முகமயிர் வளர்ச்சியைத் தாழ்த்தும் களிம்பாக அமெரிக்காவில் இசைவு பெற்றது. கன்னத்து மயிருக்கு மருந்து உண்டு, ஆப்பிரிக்கர் உயிருக்கு இல்லை என்னும் நிலையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உலகறியச் செய்தது. 2001-இல் உலகச் சுகாதார நிறுவனத்தோடு செய்த உடன்பாட்டின்படி உறக்க நோய்க்கான மருந்து மீண்டும் இலவசமாக அளிக்கப்பட்டது. பெண்களின் நாணத்திற்குச் சந்தையில் என்ன விலை என்பதை இதனினும் தெளிவாக யாம் வேறெங்கும் கண்டிலோம்.

தலைநிமிர்ந்த மகளிர்

நாணத்தை விலைக்கு விற்க மறுத்தோரும் உளர். இங்கிலாந்தில் பிறந்த சீக்கியப் பெண்மணி ஹர்ணாம் கவுர், சூலக நீர்க்கட்டி நோயால் வளர்ந்த தாடியை நீக்காது வைத்துக் கின்னஸ் நூலில் இடம்பெற்றார். 2022-இல் எம் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துக் குடும்பப் பெண் ஒருவர் தம் மீசையை மழிக்காமல் மகிழ்வுடன் வாழ்வதை உலகப் பத்திரிகைகள் எழுதின. 2024-இல் உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாணவியின் படம் வெளிவந்தபோது, அச்சிறுமியின் மதிப்பெண்ணை விடுத்து மேலுதட்டைப் பேசினர் பலர். அவளுக்கு ஆதரவாக எழுந்த குரல்களும் பலவே. மாநிலத்தின் முதல் மாணவிக்கே அந்நிலை எனில், நம் காலனித் திடலைக் கடந்து செல்லும் பெண்ணுக்கு யார் துணை?

எல்லோரும் மீசை வளர்க்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. நீக்க விரும்புபவள் நீக்குக, வேண்டாதவள் விடுக. விருப்பம் அவளுடையதாக இருத்தல் வேண்டும்.

முடிவுரை

தாய்மார்க்கு எம் வேண்டுகோள் இது: மகளின் முகத்தில் மயிர் தடிக்கக் கண்டால், கடைக்குச் செல்லுமுன் அவளுடைய மாதவிலக்கைப் பற்றி மெல்லக் கேளுங்கள். தந்தையர்க்கு: மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் செலவைக் கணக்குப் பாராதீர்கள், எம் தந்தையார் அன்று மிச்சப்படுத்திய பணத்தைப்போலப் பன்மடங்கு எம் தமக்கையார் பின்னர் மருந்துக்குச் செலவிட்டார். திடலில் ஆடும் தம்பியர்க்கு: உங்கள் மேலுதட்டில் அரும்பும் மீசையை வீட்டார் மகிழ்ந்து பார்க்கின்றனர், உங்கள் தங்கையின் உதட்டில் அரும்பினால் அது நகைப்புக்கு உரியது எனக் கற்பித்தவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இக்கட்டுரையை எழுதுமுன் எம் தமக்கையாரிடம் தொலைபேசியில் இசைவு கேட்டோம். "எழுது மக்களே; அந்தப் புட்டியையும் எழுது" என்றார். பிறகு சிரித்தார். அப்போதும் அவர் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்பது எமக்குத் தெரியும். விழா மேடையில் நம் காலனிப் பெண்கள் வாய் திறந்து பாடும்போது, முதல் வரிசையில் அமர்ந்து கைதட்டுவதற்காக அவரையும் அழைத்திருக்கின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!